பட்டறைக்குள் புதிய உளி

அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் அதில் நூல்கள் யாத்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கின்ற ஹர்ஃபுகளுக்கே புதிய நுக்தாக்களை இட்டு எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். இன்று அந்தக் கிதாபுகளை வாசிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். தாள்களோ தொட்டால் உதிர்கின்றன.

கோவளத்தில் என் இல்லத்திலுள்ள அத்தகைய ஏடுகள் சிலவற்றைக் கணினியில் ஏற்றி வருகின்றேன். அக்கணினியில் இயங்குவது, 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 18.04 என்னும் லினக்ஸ். அதற்குரிய வழக்கமான ஆதரவு 2023-இல் முடிந்துவிட்டது.

திரையில் எழுத்துகளைச் சேர்த்து வடிவம் தரும் பணியை 'ஹார்ஃபஸ்' என்ற நிரல்தொகுப்பு செய்கின்றது. 'ஹர்ஃப்' என்னும் சொல் நமக்கு அந்நியமன்று. 'திறந்த எழுத்து' என்னும் பொருளில் பாரசீகத்திலிருந்து அமைத்த பெயர் இது. ஓர் அரபு எழுத்து சொல்லின் முதலில் நிற்கின்றதா, இடையிலா, கடையிலா என்று பார்த்து உரிய உருவைத் தருவதும், தமிழில் 'கொ' என்னும்போது ககரத்தின் இருபுறமும் குறிகளை நிறுத்துவதும் இதன் வேலையே. எழுத்துரு செய்யும் அன்பர் ஒருவர், இதன் புதிய பதிப்பில் நம் ஏடுகளைச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டினார்.

பொறியியல் பயிலும் என் தமக்கை மகன் அப்பணியை ஏற்றான். மூலநிரலை இறக்கிக் கட்டத் தொடங்கியதுமே வேலை நின்றது. "மாமு, மூலத்தில் குறையில்லை. அதைக் கட்டும் கருவிதான் பழையது" என்றான்.

கட்டும் கருவி என்பது யாது? பல கோப்புகளாய்க் கிடக்கும் நிரலை எந்த ஒழுங்கில் தொகுப்பது, எதற்கு எது தேவை என்று அறிந்து நடத்தும் மேஸ்திரி அது. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய 'மேக்' இவ்வகையில் முன்னோடி. மாறிய பகுதியை மட்டும் மீண்டும் கட்டும் சிக்கனம் அதன் சிறப்பு. ஹார்ஃபஸுக்கு வேண்டிய கருவி 'மெசான்'. எங்கள் கணினியில் இருந்தது 0.45.1, கேட்டதோ குறைந்தது 0.55.

புதியதைப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றலாம். ஆனால் மெசான் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதன் 0.62 முதலான பதிப்புகளுக்குப் பைத்தான் 3.7 வேண்டும், உபுண்டு 18.04-இல் உள்ளதோ 3.6. எனவே கணினியின் பைத்தானையே மாற்றிவிடலாம் என்று துணிவோர் உண்டு. அந்தப் பைத்தானையே நம்பி நிற்கும் அமைப்புக் கருவிகள் பல. அதை மாற்றிய பின், கட்டளை தட்டும் சாளரமே திறக்காமல் போனவர்கள் உளர்.

பிள்ளையாண்டான் அவ்வழி செல்லவில்லை. மெய்நிகர் சூழல் எனப்படும் தனியறை ஒன்றைக் கணினிக்குள் அமைத்தான். பைத்தான் 3.6 ஏற்கும் கடைசிப் பதிப்பான மெசான் 0.61.5-ஐ அதற்குள் மட்டும் நிறுவினான். பழைய மெசான் தன் இடத்திலேயே இருந்தது. மெசானின் ஏவலைச் செய்து முடிக்கும் 'நிஞ்சா' 1.8.2 பழையதாயினும் போதுமானதாய் இருந்தது. முன்பு பாதியில் நின்ற அடைவை விடுத்துப் புதிய அடைவில் கட்டியதும் வேலை நிறைவேறியது.

இதனைக் கண்டபோது நுக்தாக்களின் வரலாறு நினைவில் எழுந்தது. பண்டைய முஸ்ஹஃபுகளில் உயிர்க்குறிகள் இல்லை, புள்ளிகளும் அரிதாகவே இருந்தன. பின்வந்தோர் வாசிப்போருக்குத் துணையாக அவற்றைச் சேர்த்தனர். அடிப்படை வரிவடிவமாகிய ரஸ்மிலோ கை வைக்கவில்லை. எதை நம்பிப் பிற நிற்கின்றனவோ அதைப் பெயர்க்காமல், தேவையானதை அருகே வைப்பது நம் ஆலிம்கள் அறிந்த நெறிதான்.

ஆதரவு முடிந்த அமைப்பையே என்றென்றும் பற்றியிருக்கலாகாது. ஏடுகளைப் படியெடுத்துக் காத்தபின் கணினி முழுவதையும் புதுப்பிக்க எண்ணியுள்ளோம். அதுவரை வேலை தடையின்றி நடக்கும். தங்கள் இல்லத்துப் பெட்டிகளில் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருப்பின், வாசகர்கள் அவற்றை இன்றே வெளியில் எடுத்து, செல்லரிக்காமல் பேணி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பார்களாக. கருவிகளை எப்போது வேண்டுமாயினும் புதுப்பித்துக்கொள்ளலாம். உதிர்ந்த தாளைத் திரும்பப் பெற இயலாது.