வேனுக்கு உதறல்... எனக்கும்தான்!

"மாப்ள, கண்ணாடியைப் பாரு!"

ராசிபுரத்தில் கிளம்பி, ஆண்டகளூர் கேட்டில் சேலம் - நாமக்கல் ஹைவேயைப் பிடித்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. ஸ்பீடாமீட்டர் முள் 55-ஐத் தாண்டியதும் மாமா கை காட்டினார். பின்னால் வந்த லாரி, எங்க வேன் கண்ணாடியில் ரெண்டு லாரியாகத் தெரிஞ்சுது. 60-ல மூணு! சீட்டுக்கு அடியில் 'ர்ர்ர்ர்...'னு ஒரு நடுக்கம் கிளம்பி, முதுகுத்தண்டு வழியா ஏறி, கடைவாய்ப் பல் வரைக்கும் வந்து நின்னுது. வேகத்தை 50-க்கு இறக்கினால்... கப்சிப்!

"ரெண்டு மாசமா இதே ரோதனை. திங்கக்கிழமை புரோக்கர் வர்றார். கொடுக்கற விலைக்குத் தள்ளி விட்டுறலாம்னு இருக்கேன்" என்றார் மாமா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைச்சுது. அந்த 18 சீட் டீசல் வேன் மாமாவுக்கு வெறும் வண்டி இல்லை. காலையும் சாயங்காலமும் மில் ஆட்களை ஏத்தி இறக்கும். முகூர்த்த நாள்ல கல்யாண கோஷ்டி. ஆடி 18-க்குக் கொல்லிமலை ட்ரிப். என்னோட முதல் வருஷ ஹாஸ்டல் ஃபீஸ்கூட இந்த வண்டி ஓடிச் சம்பாதிச்ச காசுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு பாஸ். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். ஏன்னா, அன்னிக்கு மாமாகிட்டேயும் அப்படித்தான் பொறுத்துச் சொன்னேன்!

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன் வீட்ல இருந்தா என்ன ஆகும்? வண்டிக்குத் தும்மல் வந்தாலும் அவனைத்தான் கேட்பாங்க. உதறல் ஆரம்பிச்சதும் மாமா என்னைத்தான் கேட்டார். "வீல் பேலன்ஸிங்தான் மாமா, டயரும் தேஞ்சிருக்கு"னு டாக்டர் கணக்கா சொன்னேன். ரெண்டு டயர், ரூ.15,000 காலி. உதறல் அப்படியே இருந்துச்சு. அடுத்து, "இன்ஜின் மவுண்ட்டிங் ரப்பரா இருக்கும்"னேன். இன்னொரு ரூ.3,500 போச்சு. உதறல் போகலை. அதுக்கப்புறம் மாமா என்னைக் கேட்கலை. நாமக்கல்லைக் கேட்போம்னு கிளம்பிட்டார்.

நாமக்கல்னா நம்ம பசங்களுக்கு முட்டையும் கோழிப் பண்ணையும்தான் ஞாபகம் வரும். ஊருக்குள்ள நுழைஞ்சு பாருங்க... இது லாரிகள் பிறக்குற ஊர்! ரோட்டோரம் வரிசையா பாடி கட்டும் பட்டறைகள். இன்னும் பாடி கட்டாத சேஸிகள் எலும்புக்கூடு மாதிரி வெயில்ல நிக்கும். ஒரு இடத்துல வெல்டிங் பொறி பறக்கும். பக்கத்துல ஒருத்தர் மரப்பலகை இழைச்சுக்கிட்டு இருப்பார். இன்னொருத்தர் கதவுல சாமி பேரை எழுதிக்கிட்டு இருப்பார். ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு கடை, ரேடியேட்டருக்கு ஒரு கடை, டைனமோவுக்கு ஒரு கடை. வண்டியோட ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட்!

இது எல்லாத்துக்கும் நடுவுல ஒரே கல்லா எழுந்து நிக்குது மலைக்கோட்டை. மலையோட ஒரு பக்கம் நரசிம்மர், இன்னொரு பக்கம் அரங்கநாதர்னு பாறையைக் குடைஞ்சு செஞ்ச குகைக் கோயில்கள். எதிர்ல கூரையே இல்லாம, வெயிலையும் மழையையும் வாங்கிக்கிட்டு 18 அடி உயர ஆஞ்சநேயர். இங்கே இருக்கிற நாமகிரித் தாயார்தான் கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம். 'அம்மா தாயே, இன்னிக்கு என் கணக்கையும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடு'னு வேனுக்குள்ள இருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

மாமாவுக்குத் தெரிஞ்ச பட்டறை ஒரு புளியமரத்து அடியில் இருந்துச்சு. மேஸ்திரிக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். சட்டைப் பையில் டார்ச், காதில் பென்சில். நான் உடனே, "அண்ணே, வீல் பேலன்ஸிங் பண்ணியாச்சு, மவுண்ட்டிங் மாத்தியாச்சு..."னு ஆரம்பிச்சேன். அவர் கையமர்த்தினார்.

"மாத்துனது இருக்கட்டுங் தம்பி. மொதல்ல காசு செலவாகாத செக்கப்பெல்லாம் பாத்துப்போடலாம். சாவி குடுங்க."

மறுபடியும் ஹைவே. மேஸ்திரி ஓட்ட, நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல. அந்தப் பத்து நிமிஷம், எனக்கு ஒரு செமஸ்டர் லேப்!

60-ல உதறல் வந்ததும் கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் சத்தம் அடங்கிருச்சு. உதறல் அடங்கலை. "இன்ஜின் தப்பிச்சுது." அதே 60-ல் நாலாவது கியர், அப்புறம் அஞ்சாவது கியர். இன்ஜின் சுத்து மாறுது, உதறல் மாறலை. "அப்ப இது ரோட்டு வேகத்தோட சுத்துற சாமான்." ஸ்டீயரிங்கில் லேசா விரலை வச்சுக் காட்டினார். வளையம் ஆடவே இல்லை. "முன் வீலா இருந்தா இது ஆடும். ஆடுறது சீட்டும் தரையும்தான்." ஆக்ஸிலேட்டரை அழுத்தினா உதறல் கூடுது, காலை எடுத்தா குறையுது. "இழுவை விழுந்தா கூடுது. பாத்தீங்களா, ஜாயிண்ட்டு!"

என் மண்டைக்குள்ள அப்பதான் கால்குலேட்டர் ஓடுச்சு. டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.1 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்துல நொடிக்கு 8 சுத்து. டயர் கோளாறுன்னா நொடிக்கு 8 தடவை 'தொம்... தொம்...'னு குலுக்கியிருக்கணும். ஜாயிண்ட் ஷாஃப்ட் சுத்துறதோ டயரைப் போல சுமார் 4 மடங்கு, அதாவது நொடிக்கு 32. எங்களுக்கு வந்தது குலுக்கல் இல்லை, தேனீக் கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். இந்தக் கணக்கை வீட்லயே போட்டிருந்தா ரூ.15,000 மிச்சம்!

ஜாயிண்ட் ஷாஃப்ட்னா என்னன்னு கேட்கிற ஐ.டி. பசங்களுக்காக: கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போற நீளமான இரும்புக் குழாய். எங்க புத்தகத்துல புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதோட ரெண்டு முனையிலும் கவட்டை மாதிரி யோக், நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ். ரோட்டுல பின் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடினாலும் ஷாஃப்ட் உடையாம வளைஞ்சு கொடுக்க இந்த ஏற்பாடு. நீளமும் மாறணும் இல்லையா? அதுக்கு ஒரு பக்கம் பல் வச்ச ஸ்ப்லைன், ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிப் போகும்.

பட்டறைக்குத் திரும்பியதும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ரெண்டு பக்கமும் கனமான மரக்கட்டை கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாதாம். முன் டயருக்குக் கல். மல்லாக்கப் படுத்து உள்ளே போனவர், டார்ச்சை அடிச்சு என்னையும் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க பாரு. கிராஸ் கப்புக்கிட்ட செவப்புப் பொடி தெரியுதா? உள்ள ஊசி பேரிங் காஞ்சு துருவாக் கொட்டுது." ஷாஃப்ட்டைக் கையால முறுக்கினார். லேசா 'ளொட்'. "கிராஸ் ஒண்ணு போயிருக்குது. ஆனா இவ்வளவு உதறலுக்கு இது மட்டும் பத்தாது..." டார்ச் வெளிச்சம் நகர்ந்து ஸ்ப்லைன் மேல நின்னுது. மண்ணும் கிரீஸும் அப்பியிருந்த இடம். "இங்க மட்டும் கிரீஸ் புதுசா இருக்குதே! கடைசியா இதுல யாருங்க கை வச்சது?"

"யாரும் கை வைக்கலைங்க மேஸ்திரி. நான் இதைக் கழட்டவே இல்லை" என்றார் வெளியில் நின்ற மாமா.

"அப்படின்னா ஷாஃப்ட்டை லேத்துக்கு அனுப்பி பேலன்ஸ் பாக்கோணும். பின் ஹவுசிங்கையும் பிரிச்சுப் பாத்தரலாங்க. ரெண்டு மூணு நாளு ஆகும்."

மாமா பெருமூச்சு விட்டது வேனுக்கு அடியில் எனக்குக் கேட்டுச்சு. "வேண்டாங்க மேஸ்திரி. கிராஸை மட்டும் மாத்துங்க. திங்கக்கிழமை வித்துடறேன்."

உதறல் எடுத்துச்சு... இந்தத் தடவை வேனுக்கு இல்லை, எனக்கு. வாயைத் திறந்தா மானம் போகும். திறக்கலைன்னா வண்டி போகும். வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே சொல்லிட்டேன்.

"நான்தான் மாமா கை வச்சேன்."

ஆயுத பூஜை லீவு. மாமா ஒரு துக்கத்துக்கு வெளியூர் போயிருந்தார். வண்டியைக் கழுவச் சொல்லியிருந்தார். நான் ஒரு படி மேலே போய், ஒரு வீடியோவைப் பார்த்து ஜாயிண்ட்டைக் கழட்டி, ஸ்ப்லைனைப் பிரிச்சு, கிரீஸ் வச்சு, திரும்ப மாட்டினேன். மாமா வந்ததும், "சர்வீஸ் பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னேன். அதுக்கு அடுத்த வாரம்தான் உதறல் ஆரம்பிச்சுது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனாலதான் டயரைக் கை காட்டினேன், மவுண்ட்டிங்கைக் கை காட்டினேன். என்னை மட்டும் காட்டலை!

மாமா ஒண்ணும் பேசலை. மேஸ்திரிதான், "அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா டீயாவது சூடாக் குடிச்சிருக்கலாமே!" என்றார்.

ஷாஃப்ட் வெளியே வந்துச்சு. மண்ணெண்ணெய்த் துணியால ஸ்ப்லைனைத் துடைச்சார். அழுக்குக்கு அடியில், ரெண்டு துண்டுலயும் ஆளுக்கொரு அம்புக்குறி. ரெண்டும் நேருக்கு நேர் நிக்கணும். நின்னது ஒரு பல் தள்ளி! அந்த ஸ்ப்லைனில் மொத்தம் 16 பல். ஒரு பல் தள்ளினா 22.5 டிகிரி.

இதுல என்ன இருக்குனு கேட்கிறீங்களா? கிராஸ் வச்ச ஜாயிண்ட் சாய்வா சுத்தும்போது ஒரே சீரா சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். சாய்வு 10 டிகிரின்னா ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவிகிதம். ஷாஃப்ட்டின் ரெண்டு யோக்கும் ஒரே நேர்ல இருந்தா, முதல் ஜாயிண்ட் பண்ற கோணங்கித்தனத்தை ரெண்டாவது ஜாயிண்ட் சரிக்கட்டிடும். ஒரு பல் தள்ளிட்டா அந்தச் சரிக்கட்டல் கெட்டுப்போய், ஒரு ஜாயிண்ட்டோட ஆட்டத்தில் தோராயமா முக்கால்வாசி அப்படியே பின் ஆக்ஸிலுக்குப் போயிடும். நொடிக்கு 64 தடவை! ரெண்டு மாசம் இந்த அடியை வாங்கின கிராஸ் என்ன செய்யும், பாவம்? இத்தனையும் செமஸ்டரில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கினவன் நான்.

புது கிராஸ் அடிச்சு, சர்க்கிளிப் போட்டு, அம்புக்கு அம்பு நேரா வச்சு மாட்டினோம். கடைசி நாலு போல்ட்டையும் மேஸ்திரி என்னைத்தான் முறுக்கச் சொன்னார். கிராஸும் கூலியும் சேர்த்து ரூ.1,400. "தம்பி, கழட்டுறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல ஒரு கோடு போடோணும். கழட்டினதுக்கு அப்புறம் கழட்டினேன்னு சொல்லோணும். இந்த ரெண்டும் தெரிஞ்சா நீ பாதி மெக்கானிக்."

மீதிப் பாதிக்கு என்ன வேணும்னு கேட்டேன். "இருபது வருசம்" என்றார்.

திரும்பும்போது மாமா என்னை ஓட்டச் சொல்வார்னு நான் எதிர்பார்க்கலை. சாவியை நீட்டினார். மலைக்கோட்டை பின்னால சின்னதாகிக்கிட்டே வந்துச்சு. 50... 55... 60. கால் கட்டைவிரலைக் கூர்ந்து கவனிச்சேன். ஒண்ணுமே இல்லை. 70-லயும் இல்லை.

"டயரு எப்படியும் இந்த வருசம் மாத்த வேண்டியதுதான்..." என்றார் மாமா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே. புதுச்சத்திரம் தாண்டினதும் போனை எடுத்தார். "அண்ணா, திங்கக்கிழமை வர வேண்டாங்க. வண்டி கொடுக்கிற ஐடியா இல்லை."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. ஒரே ஒரு லாரி. நம்பர் பிளேட்டை முழுசா படிக்க முடிஞ்சுது.