‘உள்ளடக்கும்’ என்றொரு சொல்



சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பதே என் தொழில். ஆகவே, ஒரு சொல்லைத் தமக்கு வேண்டியவாறு படித்துச் சிறை சென்ற ஒருவரைப் பற்றி அறிந்தபோது, அதை எளிதில் கடந்துவிட என்னால் இயலவில்லை.

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஒரு விந்தையான வாதம் உலவி வருகின்றது. அந்நாட்டு வரிச் சட்டத்தின் 3401ஆம் பிரிவு, சம்பளத்தில் வரி பிடித்தம் செய்வதற்காக ‘ஊழியர்’ யார் என்று விளக்குகின்றது. மத்திய, மாநில அரசுகளின் அலுவலர்களையும் ஊழியர்களையும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளையும் அச்சொல் உள்ளடக்கும். கம்பெனி அதிகாரியையும் உள்ளடக்கும் என்பது அதன் சாரம். இதைப் படித்த சிலர், “பார்த்தீர்களா! பட்டியலில் தனியார் ஆலைத் தொழிலாளி இல்லை, ஆகவே அவருக்கு வரியும் இல்லை” என்று முடிவு கட்டினர். 7701ஆம் பிரிவில், ‘மாநிலம்’ என்பது தலைநகர் வாஷிங்டன் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தையும் உள்ளடக்கும் என்றுள்ளது. அப்படியானால் டெக்சாஸும் கலிபோர்னியாவும் மாநிலங்களே அல்ல என்று வாதிட்டவர்களும் உண்டு!

சற்றே சிந்தித்துப் பாருங்கள். நிக்காஹ் விருந்துக்குப் பட்டியல் எழுதும்போது, “அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்” என்று வாப்பா கூறினால், மாமாவும் மாமியும் வரக்கூடாது என்றா பொருள்? வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே அழைக்கும் சொல் அது; உள்ளே அமர்ந்திருப்பவரை எழுப்பி அனுப்பும் சொல் அன்று.

விந்தையிலும் விந்தை, இதற்கான விடையை அச்சட்டமே வைத்திருக்கின்றது. ஒரு வரையறையில் ‘உள்ளடக்கும்’ என்று வந்தால், அச்சொல்லின் பொருளில் அடங்கும் ஏனையவற்றை அது விலக்கியதாகக் கருதக் கூடாது என 7701ஆம் பிரிவின் (சி) உட்பிரிவு தெளிவாகவே கூறுகின்றது. விலக்க வேண்டிய இடத்தில் ‘மட்டும்’ என்று எழுதவும் அச்சட்டத்திற்குத் தெரியும். நாட்டின் நிலப்பரப்பைக் குறிக்கும்போது, மாநிலங்களையும் கொலம்பியா மாவட்டத்தையும் மட்டுமே உள்ளடக்கும் என அதே பிரிவில் எழுதப்பட்டுள்ளது.

இவ்வரிகள் அவர்கள் கண்ணில் படவில்லையா? பட்டன, அவற்றையும் வளைத்தே பொருள் கொண்டனர். முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு சட்டத்தைத் திறப்பவரிடம் எந்தச் சொல்தான் நேராக நிற்கும்?

பீட்டர் ஹென்ட்ரிக்சன் என்பவர் இவ்வகை வாதத்தை 2003இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். தாம் பெற்ற சம்பளம் சட்டப்படி சம்பளமே அன்று என்று கணக்கும் தாக்கல் செய்தார். பொய்க் கணக்குக் கொடுத்த குற்றம் 2009இல் உறுதியாயிற்று. 2010இல் 33 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நூலை எழுதியவருக்காக நான் அதிகம் வருந்தவில்லை. அதை நம்பி விலை கொடுத்து வாங்கியவர்களை எண்ணித்தான் மனம் கனக்கின்றது. இத்தகைய ஆதாரமற்ற வாதத்துடன் கணக்குத் தாக்கல் செய்தால், கணக்கு ஒன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கின்றது. கட்டாத வரியும் அதன் வட்டியும் வேறு. அத்தொகையை நூலாசிரியர் வந்து கட்டமாட்டார். மாதச் சம்பளத்தில் வீடு நடத்தும் அந்தக் குடும்பம்தான், பிள்ளைகளின் செலவைக் குறைத்துக் கட்டியாக வேண்டும்.