ஊவாத் தோட்டத்து மாணவனும் பொறியியற் கணிதமும்

பொறியியற் பீடமொன்றிற் புகும் மாணவனிடம் எதிர்பார்க்கப்படும் கணித ஆயத்தம் யாது என்று வினவினால், பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் அதற்குச் சுருக்கமாகவே விடை கூறும். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றிலும் சித்தியெய்தியிருத்தல் வேண்டும். அவ்வாண்டில் வெட்டுப்புள்ளியாக அமையும் இஸட் புள்ளியையும் எட்டியிருத்தல் வேண்டும். இவை இரண்டும் வாய்த்தவன் ஆயத்தமானவன் எனக் கொள்ளப்படுகின்றான். நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள் என்ற வகையில் இதில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பசறைக்கோ லுணுகலைக்கோ அப்பால் மலைச்சரிவில் அமைந்த தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ வந்து சேரும் மாணவனை வைத்து நோக்கும்போது இது பாதி விடையாகவே தோன்றுகின்றது. அவன் எவ்வளவு கற்றுத் தேறினான் என்பதைப் புள்ளி காட்டும். எவை எவற்றைக் கற்பதற்கு இடமே இல்லாதிருந்தும் தேறினான் என்பதைக் காட்டாது. முதலாம் ஆண்டில் அவன் இடறுவதும் நிமிர்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கையே பொறுத்தன.

தோட்டப் பாடசாலையின் வரலாற்றைச் சிறிது நோக்கினால் இது விளங்கும். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்ட நிருவாகங்கள் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கவேண்டுமென விதித்தது. அக்கல்வி 10 வயதோடு முடிந்த கல்வி. லயத்தறையிலோ கோயில் மண்டபத்திலோ ஒற்றை ஆசிரியர் நடத்திய கல்வி. எழுத்தும் எண்ணும் போதும், அதற்குமேல் அறிந்தாற் கொழுந்துக் கூடையைச் சுமக்க ஆளிராது என்பது எழுதப்படாத விதியாயிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்ட எல்லையைத் தாண்டி உட்செல்லவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. காணிச் சீர்திருத்தத்தின்கீழ் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதலாக, அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக் காலம் தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வாறு கழிந்துபோயிற்று. பிற பாடங்களில் இவ்விழப்பை ஒருவாறு ஈடு செய்யலாம். பொலனறுவைக் காலம் கற்காதவனும் கண்டிக் காலத்தைக் கற்றுவிடுவான். கணிதம் அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. பின்னம் தவறியவனுக்கு அட்சரகணிதம் தவறும். அட்சரகணிதம் தவறியவனுக்கு வகையீடு தவறும்.

இலங்கைப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எனப் பகுக்கப்பட்டுள்ளன. உயர்தர வகுப்பிற் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்துவது 1ஏபி பாடசாலையே. தோட்டங்களுக்குள் அமைந்தவை பெரும்பாலும் கடைசி இரு வகையைச் சேர்ந்தவை. 11ஆம் தரத்தோடு, சிலவேளை அதற்கும் முன்னரே, வகுப்பறை முடிந்துவிடும். ஆகவே பொறியியலாளனாக விரும்பும் மடுல்சீமைப் பிள்ளை முதலில் விடுவிக்கவேண்டிய வினா, பதுளை நகரில் இரண்டாண்டுக் காலம் எங்கே தங்குவது, கடைசி பஸ் தவறினால் என்ன செய்வது என்பதாகும். தாயின் நகை அடகுக்கடைக்குப் போவது பல குடும்பங்களில் இக்கட்டத்திலேதான். ஆசிரியர் நிலைமையும் இதனோடு சேர்ந்தது. கொட்டகலையை அடுத்த பத்தனையில் 1990களில் தோன்றிய ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களை அனுப்பிவருகின்றது. 2015ஆம் ஆண்டளவில் ஆசிரிய உதவியாளர் பலரும் நியமிக்கப்பட்டனர். இவற்றால் ஆசிரியர் தொகை பெருகியது உண்மை. கணித ஆசிரியர் கிடைப்பது மட்டும் இன்னும் அரிதாகவே உள்ளது. உயர்தரத்திற் கணிதம் கற்ற தோட்டத்து இளைஞர் சிலரே. அச்சிலரும் வேறு தொழில் தேடி மலையிறங்கிவிடுகின்றனர். கணிதம் கற்றவர் தோன்றக் கற்பிப்பவர் வேண்டும். கற்பிப்பவர் தோன்றக் கற்றவர் வேண்டும்.

தோட்ட மக்களுக்குக் கணக்கு அந்நியமானது எனக் கூறுவோர் தோட்டத்தை அறியாதவர். அங்கே நாள் முழுவதும் கணக்கே. பிரட்டுக்களத்திற் பேர் பதிவதில் தொடங்கிக் கொழுந்து மடுவத்தில் தராசு ஓயும்வரை எல்லாம் எண்ணே. கூடைக்கும் ஈரத்திற்கும் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, நோம் எட்டாமையால் முழுப்பேர் அரைப்பேராகிவிட்டதா, கைக்காசு எவ்வளவு, கழிவுகள் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்பவற்றை 8ஆம் தரத்துப் பிள்ளை தாய்க்கு வாசித்துச் சொல்கின்றது. ஆனால் இக்கணக்கை எழுதும் கை என்றும் பிறர் கையாகவே இருந்துவந்தது. அக்கைக்குரியவருக்குத் தோட்டம் வழங்கிய பெயரே கணக்கப்பிள்ளை. கணக்கு என்பது தன்மீது செய்யப்படுவது என்ற உணர்வு நூறாண்டுக்கு மேலாக ஊறிய ஒரு சமூகத்தில், பிள்ளையொன்று எழுந்து நின்று ‘இவ்விடை எவ்வாறு வந்தது?’ என ஆசிரியரைக் கேட்பது சிறிய செயலன்று. பொறியியற் கணிதத்திற்கு வேண்டிய ஆயத்தங்களுள் முதலாவது அக்கேள்வியே எனலாம்.

அனுமதி முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவன் 400க்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியவன் 227 புள்ளியும் பெறவேண்டும் என 1970களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு புகுந்ததும் யாவரும் அறிந்தவை. தரப்படுத்தலைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் ஊவாத் தோட்டத்து மாணவனைத் தேடினால் அகப்படுவது அரிது; கதவின் அகலத்தைப் பற்றி வழக்கு நடந்தபோது அவன் கதவண்டை வந்திருக்கவேயில்லை. பின்னர் வந்த முறையில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகை விகிதத்திலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்பட்டன. பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயின் மாவட்டத்திற்குப் பட்டியல் ஒன்றே. நகரத்துப் பெரிய பாடசாலையின் மாணவனும் லுணுகலைத் தோட்டத்து மாணவனும் அதே பட்டியலிலேதான் நிற்கின்றனர். ஒதுக்கீட்டால் உள்ளே வந்தவன் என விடுதியிற் சிலர் முணுமுணுக்கும்போது, அவ்வொதுக்கீட்டுக்குள்ளேயே இன்னுமொரு மேட்டை ஏறிக் கடந்து வந்தவன் இவன் என்பது மறந்துபோகின்றது.

இனி முதலாம் ஆண்டு வகுப்பறைக்கு வரலாம். உயர்தர இணைந்த கணிதம் எளிய பாடமன்று. தூய கணிதத்திற்கு ஒன்றும் பிரயோக கணிதத்திற்கு ஒன்றுமாக இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். ஒவ்வொன்றிலும் முதற் பகுதியின் 10 வினாக்களுக்கும், இரண்டாம் பகுதியின் 7 நெடுவினாக்களுள் 5 வினாக்களுக்கும் விடையெழுதல் வேண்டும். ஏழில் ஐந்து என்னும் இச்சலுகையே சிலவேளை வினையாகின்றது. பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க ஆசிரியரோ நேரமோ இல்லாத இடத்தில், விடக்கூடிய இரண்டு வினாக்கள் எவை என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். ஓரிரண்டு அலகுகள் திறக்கப்படாமலே மாணவன் சித்தியெய்துகின்றான். நல்ல புள்ளியும் பெறுகின்றான். விரிவுரையாளர் அதே அலகை யாவரும் அறிந்ததாகக் கொண்டு ஒரு வரியிற் கடந்து போகும் நாளில் அப்பழைய கடன் திருப்பிக் கேட்கப்படுகின்றது.

மொழி அடுத்த தடை. 13ஆம் தரம்வரை தமிழிற் கற்ற கணிதம் ஒரே வாரத்தில் ஆங்கிலமாகிவிடுகின்றது. இலங்கைத் தமிழ்க் கலைச்சொற்கள் வறியவை அல்ல. வெக்ரர் என்பதற்கு இங்கு வழங்கும் ‘காவி’ என்ற சொல் காவுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. அதன் இலத்தீன் மூலமும் சுமந்து செல்வது என்னும் பொருளையே உடையது. தாயும் பாட்டியும் கொழுந்தைக் காவிச் செல்லக் கண்டு வளர்ந்தவனுக்கு அச்சொல்லிலேயே பாதி விளக்கம் அடங்கியிருக்கின்றது. ஆர்முடுகல், உந்தம், திருப்பம், தாயம், தொகையீடு என ஒரு முழுச் சொற்களஞ்சியம் அவன் கைவசம் உண்டு. இவற்றுள் எதனையும் அவன் மறக்கவேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டாற் போதும். இதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. ஆங்கிலம் தெரியாமையைக் கணிதம் தெரியாமை என்று அவனே தவறாக எண்ணிக்கொள்கின்றான், பின்வரிசைக்குப் போகின்றான், வீட்டில் அவ்வளவு அரிதாய்ப் பழகிய கேள்வியை அங்கே கைவிடுகின்றான். தொடக்கத்தில் நடத்தப்படும் ஆங்கில வகுப்புகள் பயனுள்ளவையே. எனினும் உரையாடும் ஆங்கிலம் வேறு. ‘எந்தவொரு நேரெண்ணைத் தரினும் அதற்கேற்ப மற்றொரு நேரெண் உண்டு’ எனத் தொடங்கும் எல்லையின் வரைவிலக்கணத்தை வாசித்து விளங்கும் ஆங்கிலம் வேறு.

அவ்வரைவிலக்கணம் எந்த மொழியிற் சொன்னாலும் கடினமானதே. உயர்தரத்திற் கணிதம் பெரும்பாலும் விடை காண்பது. முதலாம் ஆண்டில் அது, விடை எப்போது உண்டு, எப்போது இல்லாமற் போகும் எனக் கேட்கத் தொடங்குகின்றது. இதை விளக்க ஊவாவிலேயே நல்லதோர் உதாரணம் கிடக்கின்றது. 1924இற் பதுளையை எட்டிய மலையகப் புகையிரதப் பாதை, தெமோதரையில் வளையமாகச் சுற்றித் தான் கடந்து வந்த நிலையத்திற்கு அடியிலேயே சுரங்கத்துள் நுழைகின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைக் கண்ட பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்றொரு கதை வழங்குகின்றது. கதையாகவே அதனைக் கொள்ளலாம். கணிதத்திற் கங்காணிக்கு வேறெங்கும் இத்தகைய இடம் கிடைத்ததில்லை. 44 அடிக்கு ஓர் அடி என்பது இம்மலைப்பாதையின் உச்சச் சாய்வு. வளையம் ஏறத்தாழ 900 மீற்றர். ஆகவே அச்சுற்றில் இறங்கக்கூடிய உயரம் 20 மீற்றரளவு. உயர்தர மாணவன் இதனை இரண்டு வரியிற் செய்துவிடுவான். முதலாம் ஆண்டின் கேள்வி இதற்கு அப்பாலுள்ளது. நேர்ப்பாதையொன்று வட்டவில்லைத் தொட்டு அதனோடு இணையும் புள்ளியிற் பாதையின் திசை முறிவதில்லை. அவ்வாறாயின் அவ்விடத்தில் வண்டியிலிருப்பவர் ஏன் திடீரென ஒரு பக்கமாகத் தள்ளப்படவேண்டும்? திசை தொடர்ச்சியாயிருக்க, வளைவு பூச்சியத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் ஒரு பெறுமானத்தை அடைந்துவிடுகின்றது. அதனாலேயே பாதையமைப்போர் நேர்கோட்டுக்கும் வட்டவில்லுக்கும் இடையில், வளைவு சிறிது சிறிதாகக் கூடிவரும் ஒரு துண்டை இடுகின்றனர். முதற் பெறுதி தொடர்ச்சியாயிருக்க இரண்டாம் பெறுதி முறிவுறலாம் என்று கரும்பலகையில் எழுதப்படுவது இதுவே. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே நின்றுகொண்டே புகையிரதத்திற் போய் வந்தவனது தோளுக்கு அது முன்னரே ஓரளவு தெரியும்.

அனுமதிக்கான தகைமையை உயர்த்துவதாலோ தாழ்த்துவதாலோ இம்மாணவனது குறை தீராது. உயர்த்தினால் அவன் வரமாட்டான். தாழ்த்தினால் வந்து தவிப்பான். உயர்தரப் பரீட்சை முடிந்து பீடம் தொடங்குவதற்கிடையே பல மாதங்கள் வீணே கழிகின்றன. தோட்டத்து மாணவர் பலர் அக்காலத்தைக் கொழும்புக் கடைகளில் வேலை செய்தும், சிறு பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தும் போக்குகின்றனர். திறக்கப்படாத அலகுகளைத் திறக்கவும், காவிக்கும் தாயத்துக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள்ளவும், ஒரு வரைவிலக்கணத்தைப் பொறுமையாக வாசித்துப் பழகவும் ஏற்ற காலம் அதுவே. கணிதம் தெரிந்த மூத்த மாணவர் இருவரும் பதுளையில் ஒரு வகுப்பறையும் இருந்தால் இதனைத் தொடங்கிவிடலாம்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விடுமுறைகளில் மலையகம் சென்று கருத்தரங்குகள் நடத்துவது நெடுநாள் வழக்கம், போற்றத்தக்கதும் ஆகும். ஆனால் அவை பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கையில் நடப்பவை. வரக்கூடிய வினாக்களை ஊகித்துச் செய்து காட்டுபவை. ஏழில் ஐந்து என்னும் பழக்கத்தையே அவை மேலும் வலுப்படுத்துகின்றன. அதே மாணவர் 9ஆம் தரத்து வகுப்புகளுக்குப் போவது இதனினும் நன்று. அங்கே பின்னமும் வீதமும் அட்சரகணிதமும் கற்பிக்க அச்சிட்ட வினாத்தாட் கட்டுகள் வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும், சம்பள நாளன்று அப்பிள்ளைகளின் வீட்டுக்கு வந்த சீட்டு ஒன்றும் போதும்.