வோல்ட் இருக்கு... தண்ணீர் ஏன் குறையுது?

சோலார் பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், மேகமூட்டத்துலயும் மீட்டர்ல வோல்ட் நல்லாத்தான் காட்டுது. ஆனா தண்ணி மட்டும் நூல் மாதிரி வருது. ஏன்?"

வெளிச்சம் குறைந்தால் பெரிதும் குறைவது ஆம்பியர்தான், வோல்ட் அல்ல. வெயில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆம்பியரும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால், ஒரு செல்லின் 0.6 வோல்ட் சுமார் 0.54-க்குத்தான் இறங்கும். 72 செல் கொண்ட பேனல் 45 வோல்ட் காட்டினால், மேகத்தில் சுமார் 40 காட்டும். மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்ட கதைதான்.

வெளிச்சத்தின் நிறம்? பயிரின் இலை சிவப்பு, நீல ஒளியை அதிகம் எடுத்துக்கொண்டு, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சிலிக்கான் செல் பச்சையையும் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதியையும் எடுக்கும். நீல ஒளிக்கு வலு அதிகம் என்றாலும், மிஞ்சிய வலு செல்லில் சூடாக மாறுமே தவிர, வோல்ட்டைக் கூட்டாது.

வோல்ட்டுக்கு எதிரி அந்தச் சூடுதான். 25 டிகிரிக்கு மேல் செல்லில் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் வோல்ட் சுமார் 0.3 சதவிகிதம் குறையும். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், 45 வோல்ட் 40-க்குக் கீழே வந்துவிடும்.

ஒரு கோடையில் என்னிடம் வந்த அம்மா, "வோல்ட் இறங்கிடுச்சாம் சார். பேனலை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். நகையை அடகு வைக்கப் போறேன்" என்றார். மெக்கானிக் அளந்தது மதியம் இரண்டு மணிக்கு. "அவசரப்படாதீங்கம்மா. காலையில எட்டு மணிக்கு அதே மீட்டரை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் காலையில் வோல்ட் கூடுதலாகவே இருந்தது. பேனலில் பழுதில்லை; மதியம் இறங்கியது சூட்டினால்.

தண்ணீர் குறைந்ததற்குக் காரணம், பேனலில் படிந்த செம்மண் புழுதியும் ஒரு தென்னை மட்டையின் நிழலும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால், சில செல்கள்மீது விழும் நிழல்கூட மொத்த ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். பேனலைக் கழுவி, மட்டையை வெட்டியதும் தண்ணீர் பழையபடி வந்தது. நகை பீரோவிலேயே இருக்கிறது.

எனவே, யாராவது வோல்ட்டை மட்டும் பார்த்து 'பேனல் போச்சு' என்றாலோ, 'பேனல் நல்லாயிருக்கு' என்றாலோ நம்பிவிடாதீர்கள். தெளிந்த வெயிலில், பம்ப் ஓடும்போது டி.சி. கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்கள். பேனல் சூடேறும் முன்பே, அதிகாலையில் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 'மேகம் போட்டிருக்கே, கரன்ட் இருக்காது' என்று வயரில் கை வைக்காதீர்கள். வரிசையாக இணைத்த பேனல்களில் பல நூறு வோல்ட் இருக்கும். மழை மேகத்தில் தண்ணீர்தான் குறையும். அந்த வோல்ட் அங்கேயே நிற்கும்.