பாறைக்குள் ஒரு கிணறு

மால்டாவை நினைத்தால் முதலில் கல்தான் வருகிறது. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, வெயில்பட்டுத் தேன் நிறமாக மாறும் சுண்ணாம்புக் கல். கோசோ தீவின் ஜிகான்டியா கோயில்களை எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முன்பே, சுண்ணாம்புக் கல்லில்தான் எழுப்பினார்கள். வீடு, தேவாலயம், கோட்டை எல்லாம் அதே கல்.

மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. நான் போனது பழைய மஞ்சள் பஸ்கள் ஓடிய காலத்தில். ஓட்டுநருக்கு மேலே மாதா படம் இருக்கும். பிர்கிர்காரா சாலையோரம் கல் வளைவுகள் வரிசையாக வரும். ரபாத் பக்கத்து ஊற்றுநீரை வலெட்டாவுக்குக் கொண்டுபோக 1615இல் கட்டி முடித்த கால்வாய். 1565இல் துருக்கியரின் முற்றுகையையே தாங்கி நின்ற, தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களுக்கும் தண்ணீர்தான் பெருங்கவலை.

செங்லேயாவில் நான் தங்கிய வீட்டின் முற்றத்தில் பாறையைக் குடைந்த கிணறு ஒன்று. ஊற்று இல்லை, மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கும். வீட்டுக்காரப் பாட்டி தினமும் மூடியைத் திறந்து பார்ப்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சிறுமி. குண்டுக்குப் பயந்து பாறைச் சுரங்கத்தில் தூங்கியதையும், ரொட்டிக்கு வரிசையில் நின்றதையும் சொல்வார். முற்றுகையில் தவித்த தீவுக்கு உணவும் எண்ணெயும் ஏற்றி 1942 ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் வந்து சேர்ந்தன. மாதா திருநாளான 15ஆம் தேதி, உடைந்த 'ஒஹாயோ' எண்ணெய்க் கப்பலை இரு போர்க்கப்பல்கள் அணைத்து இழுத்துவந்தன. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிலுவைக்குறி இட்டுக்கொள்வார்.

போருக்குப் பின் அவருடைய அண்ணன்மார் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்போது ஆயிரமாயிரம் பேர் அப்படிப் போனார்கள். 1964இல் சுதந்திரம், 1979இல் கடைசி பிரிட்டிஷ் படையும் வெளியேறியது. பிரிட்டிஷ் கப்பல்தளத்தை நம்பியிருந்த தீவு வேறு பிழைப்பு தேடியது. சுற்றுலா, கப்பல் பதிவு, மின்னணுச் சில்லுகள், இணையச் சூதாட்ட நிறுவனங்கள். கடைசியாகச் சொன்னதை என்னால் கொண்டாட முடியவில்லை. ஆனாலும் ஆளை ஏற்றுமதி செய்த தீவு இன்று ஆளை வரவழைக்கிறது. 2021 கணக்கெடுப்பில் 5,19,000க்கு மேல் மக்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அரபியும் இத்தாலியமும் கலந்த மால்டீஸ் பேச்சோடு பல நாட்டு மொழிகள் பஸ்ஸில் கேட்கும்.

இத்தனை பேருக்கும் தண்ணீர்? பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு வெளியிலிருந்து எரிவாயு, சிசிலியிலிருந்து கடலடிக் கம்பி. புதுக் கட்டடத்துக்கும் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கனமழை பெய்தால் தெருவில் வெள்ளம் புரண்டு கடலுக்குப் போகிறது. அடுக்குமாடி கட்டும் அவசரத்தில் பழைய வீடுகளோடு அவற்றின் கிணறுகளும் தூர்ந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. கையால் குடைந்த அந்தக் கிணறுகளைத் தூர்வாரி மறுபடி மழையை இறக்க, கோயில்களைக் காக்கச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு போதும்.