புளோரன்ஸை வெளியே நின்று பார்ப்பது

ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா போய்வந்தவர்கள் புளோரன்ஸ் நகரைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் வெளியே நிறுத்தியே காட்டினார்கள், எதற்குள்ளும் கூட்டிப்போகவில்லை. குறையில் உண்மை இருக்கிறது. ரோமுக்கும் வெனிஸுக்கும் நடுவே, பல சமயம் பைசாவின் சாய்ந்த கோபுரத்தோடு பங்குபோட்டுக்கொண்டு, இந்நகருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். பழைய நகரின் குறுகிய தெருக்களுக்குள் சுற்றுலாப் பேருந்து வராது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடைதான். கதீட்ரல் முன்னால் ஒரு படம், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் டேவிட் சிலையின் நகலோடு ஒரு படம், போன்தே வெக்கியோ பாலத்தில் ஒரு படம், தோல் பொருள் கடையில் கொஞ்ச நேரம், கடைசியில் மைக்கேலாஞ்சலோ மேட்டிலிருந்து நகரம் முழுவதற்கும் ஒரு பார்வை. பணம் கட்டி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஏமாற்றத்தின் காரணத்தை அவர்கள் வேறெங்கோ தேடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். புளோரன்ஸின் தலைசிறந்த படைப்புகளில் பல தெருவில் போகிறவர்கள் பார்க்கவேண்டும் என்று செய்யப்பட்டவை. ஆகவே வெளியே நிற்பதால் நாம் அதிகம் இழப்பதில்லை. இவற்றுக்குப் பணம் கொடுத்தது யார், யாரோடு யார் போட்டியிட்டார்கள், ஏன் இந்த இடத்தில் வைத்தார்கள் என்பதெல்லாம் காதில் விழாமலே நகரைவிட்டுக் கிளம்புவதில்தான் இழப்பு இருக்கிறது.

இதற்கான சாட்சி ஒவ்வொரு குழுவும் நடந்து கடக்கும் வழியிலேயே நிற்கிறது. கதீட்ரலிலிருந்து சிஞ்ஞோரியா சதுக்கத்துக்குப் போகும் வியா தெய் கால்சாயுவோலி தெருவில், கோபுரமோ குவிமாடமோ இல்லாமல் பெட்டிபோல உயர்ந்த ஒரு கற்கட்டடம் வரும். பெயர் ஓர்சான்மிக்கேலே. 1337-இல் தானியச் சந்தையாக அதைக் கட்டத் தொடங்கினார்கள். மேல் மாடிகள் தானியக் கிடங்கு, கீழ்த்தளம் பிறகு வழிபாட்டு இடமாயிற்று. நம் கோயில் சுவர்களின் கோஷ்டங்களைப் போல அதன் வெளிச்சுவர்களில் 14 மாடங்கள் உண்டு. அவற்றை நகரின் வணிகக் குழுக்களும் கைத்தொழில் குழுக்களும் ஆளுக்கொன்றாகப் பெற்றிருந்தன. தத்தம் காவல் புனிதரின் சிலையை அங்கே நிறுத்த வேண்டும். பல மாடங்கள் காலியாகவே கிடந்ததால், பத்தாண்டுக்குள் நிரப்பியாக வேண்டும் என்று 1406-இல் நகர அரசு கெடு விதித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தச் சுவரில் நடந்த போட்டிதான் ஐரோப்பியச் சிற்பத்தின் போக்கையே திருப்பியது. வெளிநாட்டுக் கம்பளித் துணி வணிகர்கள் சிற்பி கிபெர்த்தியைக் கொண்டு எட்டடிக்கு மேல் உயரமான யோவான் சிலையை, பளிங்கைவிடப் பலமடங்கு செலவு பிடிக்கும் வெண்கலத்தில் வார்த்தார்கள். வட்டிக்கடைக்காரர்களும் நாணயம் மாற்றுவோரும் சும்மா இருப்பார்களா? 1419-இல் அதே கிபெர்த்தியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தங்கள் மத்தேயு சிலை அந்த யோவானின் அளவுக்காவது இருக்க வேண்டும், பெரிதாக இருந்தாலும் சரி என்று எழுதி வாங்கினார்கள். அவ்வளவு வசதி இல்லாத கல்தச்சரும் மரத்தச்சரும் நான்னி தி பாங்கோவிடம் பளிங்கில் நான்கு புனிதர்களைச் செய்யச் சொன்னார்கள். அந்த மாடத்தின் அடியில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது: சுவர் எழுப்புகிறவர், தூணைத் துளையிடுகிறவர், சிலை செதுக்குகிறவர். தங்கள் வேலையையே அவர்கள் புனிதர்களின் காலடியில் செதுக்க வைத்தார்கள். அந்தத் தெருவில் என் மனம் அதிகம் நிற்பது இந்தச் சிறிய பலகையிடம்தான்.

அங்கே லினன் துணி வணிகர்களுக்காகத் தொனாத்தெல்லோ செய்த மாற்குவைப் பற்றி, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். தரையில் வைத்துப் பார்த்தபோது குழுவினருக்குச் சிலை பிடிக்கவில்லையாம். மாடத்தில் ஏற்றி, மேலும் வேலை செய்வதுபோலச் சில நாள் மூடிவைத்து, எதையும் மாற்றாமலே திறந்து காட்டினாராம் சிற்பி, எல்லோரும் வியந்தார்களாம். நடந்ததோ இல்லையோ, கதையின் உட்பொருள் சரி. கீழே தெருவில் நிற்பவரின் கண்ணுக்காகவே அச்சிலையின் அளவுகள் அமைந்தன. கதீட்ரலின் குவிமாடத்துக்கும் இது பொருந்தும். கட்டுமானப் பொறுப்பு கம்பளிக் குழுவிடம் இருந்தது. சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பை எப்படி மூடுவது என்று தெரியாமலே சுவர்களை எழுப்பிவிட்டு, 1418-இல் போட்டி அறிவித்தார்கள். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே, உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரண்டு ஓடுகள், மீன்முள் போலக் கோத்த செங்கல் வரிசைகள் என்று 1420 முதல் 1436 வரை கட்டி முடித்தார் புருனெல்லெஸ்கி. இதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டாம். ஆனால் சுற்றுலாக் குழுக்கள் நிற்பது முன்வாசலில். அங்கே படமெடுக்கப்படும் வண்ணப் பளிங்கு முகப்பு 1887-இல் முடிந்தது, கட்டடத்தின் மிக இளைய பகுதிகளில் ஒன்று. பின்பக்கமாக நூறு தப்படி நடந்தால் குவிமாடம் முழுதாகத் தெரியும். அதன் அடியில் எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் பளிங்குத் தாழ்வாரம் இருப்பதும் தெரியும். மைக்கேலாஞ்சலோ அதைச் சிள்வண்டுக் கூண்டு என்று பழித்ததால் மற்ற ஏழும் கைவிடப்பட்டன என்று சொல்வார்கள்.

வெளியே இருப்பவை வெறும் நகல்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர்சான்மிக்கேலே மாடங்களில் இப்போது நிற்பவை நகல்கள். மூலச் சிலைகளில் பெரும்பாலானவை அதே கட்டடத்தின் மாடி அருங்காட்சியகத்தில், தொனாத்தெல்லோவின் ஜார்ஜ் மட்டும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில். கதீட்ரலுக்கு எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்துக்குக் கிபெர்த்தி செய்த பொற்கதவுகளும் நகலே. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் மூலக் கதவின் பலகைகள் பெயர்ந்து விழுந்தன, புகையும் ஈரமும் பொன்முலாமை அரித்தன, எனவே அதை உள்ளே கொண்டுபோனார்கள். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் 1873-இல் அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குப் போனது, சதுக்கத்தில் நகல் வந்தது 1910-இல். உளி பட்ட பளிங்கின் தோலைப் பார்க்க விரும்புகிறவர் மூலத்திடம்தான் போக வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் இடம், உயரம், வெயில், பக்கத்தில் யார் என்பவையும் ஒரு சிலையின் பகுதிகள். டேவிட் முதலில் கதீட்ரலின் உச்சியில் நிற்பதற்காகக் கேட்கப்பட்டது. முடிந்தபின் எங்கே வைப்பது என்று 1504 ஜனவரியில் கூடிப் பேசியவர்களில் லியோனார்டோ டா வின்சியும் போத்திச்செல்லியும் இருந்தார்கள். ஆதிக்கம் செலுத்திவந்த மெதிச்சிக் குடும்பத்தைத் துரத்திவிட்டுக் குடியரசாக இருந்த நகரம், அரசு மாளிகையின் வாசலில் அந்த இளைஞனை நிறுத்தியது. இந்த முடிவை அக்காதெமியாவின் கூடத்தில் காண முடியாது, சதுக்கத்தில் காணலாம். தவிர, எல்லாமே நகல் என்பதும் சரியில்லை. அதே சதுக்கத்தின் திறந்த மண்டபத்தில் செல்லினியின் வெண்கலப் பெர்சியஸும், 1583-இல் அங்கே வந்த ஜம்போலோஞ்ஞாவின் சபைன் பெண் கவர்தலும் மூலங்களாகவே நிற்கின்றன. பெர்சியஸைச் செய்யச் சொன்னவர் குடியரசை முடித்துவைத்த மெதிச்சி வம்சத்துக் கோசிமோ. வெட்டிய தலையை டேவிட்டுக்கு எதிரில் உயர்த்திப் பிடிக்க வைத்தார். ஒரே சதுக்கத்தில் இரண்டு ஆட்சிகள் சிலைகளால் பேசிக்கொள்கின்றன.

உஃபிட்சி ஓவியக்கூடத்தைப் பார்க்காமல் புளோரன்ஸா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். போத்திச்செல்லியின் வீனஸ் பிறப்பையும் வசந்தத்தையும் நேரில் பார்ப்பது ஒருவர் வாழ்நாள் முழுக்க நினைத்திருக்கக்கூடியது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவை மெதிச்சிகளின் வீடுகளில் இருந்தவை, அமைதியாக, அருகே நின்று, திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கானவை. நாற்பது பேர் குழுவாக ஒரு மணி நேரத்தில் அந்தக் கூடங்களைக் கடந்தால், முன்னால் நிற்பவர்களின் உயர்த்திய கைப்பேசிகளுக்கு இடையே ஓவியம் தெரிந்தால் உண்டு. வரிசையில் நிற்பதும் பைகளைச் சோதிப்பதும் சேர்ந்து பகலில் பாதியைத் தின்றுவிடும். உஃபிட்சிக்கு ஒரு முழு நாள் தர முடிந்தவர் தரட்டும். அரை மணியும் ஒரு மணியுமாகப் பிய்த்துத் தரும் நாளுக்கு அது பொருந்தாது. அந்த நாளின் அளவுக்குத் தெரு பொருந்துகிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். வணிக, கைத்தொழில் குழுக்களின் கலை என்று பெருமைப்படுகிறோமே, அக்குழுக்கள் மக்களா? இல்லை. அரசியல் உரிமை பெற்ற குழுக்கள் 21; அவற்றில் ஏழு பெருங்குழுக்களின் கையில்தான் கடிவாளம். கம்பளியைச் சீவி அலசிய கூலியாட்களுக்குக் குழு அமைக்கும் உரிமையே இல்லை. 1378 கோடையில் சியோம்பிகள் எனப்பட்ட அந்தக் கூலியாட்கள் கிளர்ந்தெழுந்து அரசு மாளிகையைக் கைப்பற்றினார்கள், தங்களுக்கும் குழு கேட்டார்கள், கிடைக்கவும் செய்தது. 1382-க்குள் எல்லாம் பறிபோயிற்று. குவிமாடத்துக்கு வந்த பணத்தில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. இது என் வாதத்தைத் தளர்த்துவதாக நான் நினைக்கவில்லை. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நின்றுகொண்டு இதையும் சேர்த்துச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அந்த மாளிகை கண்ணெதிரே இருக்கிறது. சிலைகளின் பெயரையும் ஆண்டையும் மட்டும் ஒப்பிப்பதைவிட, யாருக்கு மாடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கும் சுற்றுலா, வந்தவரின் அறிவை மதிக்கிறது.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தோல் கடை நேரத்தில் பாதியை எடுத்து ஓர்சான்மிக்கேலேயின் நான்கு பக்கமும் மெதுவாகச் சுற்றிவந்தால் போதும். நெரிசலும் சற்றுக் குறையும். எல்லாச் சுற்றுலாக் குழுக்களும் ஒரே நேரத்தில் அதே நான்கு இடங்களில் முட்டிக்கொள்வதுதான் இந்நகரத்தை மூச்சுத்திணற வைக்கிறது. போன்தே வெக்கியோவில் அதிக நேரம் வேண்டாம். பாலம் 1345-ஆம் ஆண்டினது, கசாப்புக் கடைகளை அகற்றிப் பொற்கொல்லர்களை அங்கே வைத்தது 1593-இல் வந்த ஆணை, 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்க்காமல் விட்ட ஒரே பாலம். இவ்வளவும் கடந்து போகும்போதே சொல்லி முடித்துவிடலாம். மைக்கேலாஞ்சலோ மேட்டைக் கடைசிக்கு வைக்காமல் காலையிலேயே பார்த்துவிட்டால், குவிமாடம் எங்கே, மாளிகைக் கோபுரம் எங்கே, இரண்டுக்கும் இடையே தானியச் சந்தை எங்கே என்ற வரைபடம் மனதில் பதிந்துவிடும்; பிறகு நடக்கும் நடைக்குத் திசை இருக்கும். ஒரே ஒரு நுழைவுச்சீட்டுக்குக் கையில் காசு இருந்தால், கதீட்ரலுக்குப் பின்னால் உள்ள கதீட்ரல் அருங்காட்சியகத்துக்கு எடுங்கள். தெருவில் நகலாகப் பார்த்த கிபெர்த்தியின் கதவு அங்கே மூலமாக, கழுவிய பொன்னோடு இருக்கிறது. சற்று முன் வெயிலில் எவ்வளவு உயரத்தில், எந்த வாசலுக்கு எதிரே அது நின்றது என்பது தெரிந்த கண்ணோடு அதன் முன் போகலாம்.