பழைய பெட்டிக்குள் ஒரு லட்சம்

வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொம்பியூட்டர்ப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். ஏ.எல். எழுதி முடித்தவன். "அண்ணை, ஒரு லட்சம் கிடக்கு. நல்ல கிறபிக்ஸ் கார்ட் ஒண்டு போட்டுத் தாங்கோ" என்றான். இருபது வருசமாக இந்த வேலை செய்கிறேன். வந்தவுடன் கார்ட் கேட்காத பொடியனை இன்னும் காணவில்லை.

பக்கக் கதவைக் கழற்றினேன். ரைசன் 5 1600, 3 ஜிபி 1060 கார்ட், 8 ஜிபி றாம் ஒரே துண்டாக. இவற்றுக்கு முன்னால் கண்ணில் பட்டது திருகாணித் தலைகளின் துரு. வடமராட்சிக் கரையோர வீட்டுப் பெட்டிகள் எல்லாம் இப்படித்தான். வாடைக்காற்று உப்பைக் கொண்டுவரும், சோளகம் புழுதியைக் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்து ஃபேன் இதழ்களில் களியாகப் படியும். ஊதித் துடைத்து, றாமின் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து, சிபியூவின் மேல் காய்ந்து கிடந்த பேஸ்டை வழித்துப் புதிதாகப் பூசினேன். சூடு பத்துப் பாகைக்கு மேல் இறங்கியது. இதற்குக் காசு பெரிதாக இல்லை.

பிறகு வலோரன்ட் விளையாடச் சொன்னேன். கார்ட் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. ரெசலூஷனைக் குறைத்தும் பிரேம் எண்ணிக்கை ஏறவில்லை. கார்ட் களைத்திருந்தால், படத்தைச் சிறிதாக்கிய உடனே எண்ணிக்கை ஏறியிருக்கும். ஏறாவிட்டால் பின்னுக்கு இழுப்பது சிபியூ.

"அப்ப போர்டும் மாத்த வேணுமோ அண்ணை?"

வேண்டாம். அவனுடையது ஏஎம்4 சொக்கெட். 1600 வந்தது 2017 ஏப்ரலில், அதற்குப் பதிலாக நான் நினைத்த ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். இரண்டுக்கும் ஆறு கோர், இரண்டுக்கும் 65 வாட்ஸ், இரண்டும் ஒரே சொக்கெட்டில் உட்காரும். அவனுடையதைப் போன்ற 300 வரிசைப் போர்டுகளுக்கு ஏஎம்டி 2022இல்தான் வழி விட்டது. மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது.

ஆனால் புதிய சிபியூவைப் போடுமுன் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். சில நிமிட வேலைதான், ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டு பிணம். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, யூபிஎஸ் இருக்கிறதுதானே என்று நம்பி ஒரு வாடிக்கையாளரின் போர்டைச் சாகடித்தேன். யூபிஎஸ்ஸின் பற்றரி எப்போதோ செத்திருந்தது. புதுப் போர்டு என் காசில் போனது. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கரண்டை நம்பக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, இருந்தும் மறந்துபோனேன். இப்போதெல்லாம் பயோஸைத் தொடுமுன் யூபிஎஸ்ஸின் பிளக்கை இழுத்துவிட்டு, வேறொரு கொம்பியூட்டரை அதில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பேன்.

அடுத்தது பவர் சப்ளை. லேபிளில் 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. கையில் தூக்கினால் வெறும் தகரப்பெட்டி போலிருந்தது. அதே லேபிளில் சின்ன எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 20 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 240 வாட்ஸ். சிபியூவும் கார்டும் உண்பது அந்த லைனில்தான். இதை நம்பிப் பெரிய கார்ட் போடச் சொன்னால் நான் மாட்டேன்.

கொழும்பு யூனிட்டி பிளாசாவில் 5600, இன்னொரு 8 ஜிபி றாம், பெயருள்ள பவர் சப்ளை மூன்றுக்கும் சொல்லிவிட்டேன். இரவு பஸ்ஸில் வந்தன. றாமை இரண்டாம், நாலாம் இடங்களில் போட்டேன். இரண்டு வழியாகத் தரவு ஓடினால்தான் ரைசன் முழுசாக வேலை செய்யும். கார்ட் அதேதான். மிஞ்சிய காசைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். "மலிவெண்டு 6500 எக்ஸ்டி கார்ட் வாங்கிப்போடாதையும்" என்றும் சொன்னேன். அதற்கு நாலு லேன்தான். இந்தப் போர்டின் பழைய தலைமுறை ஸ்லொட்டில் போட்டால் இன்னும் மெதுவாகும்.

எடுத்துப்போக அம்மாவும் வந்தார். பெட்டியைச் சுற்றிவரப் பார்த்தார்.

"வெளியால ஒண்டும் மாறேல்லையே தம்பி. காசு எங்கை போச்சுது?"

பொடியன் என் முகத்தைப் பார்த்தான். கழற்றிய பவர் சப்ளையை அவர் ஒரு கையிலும், அலுமாரியில் இருந்த புதியதொன்றை மற்றக் கையிலும் கொடுத்தேன். இரண்டையும் நிறை பார்த்தார். புதியதைத் திருப்பித் தந்தார், பழையதைத் தரவில்லை.

"இதை என்ன விலைக்கு எடுப்பியள்?"